இழந்தவையும் பெருக்கியவையும்: ஒட்டுண்ணிகளின் மரபணுக்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் படிக்கும் மாணவர்களும், வீட்டில் யாருக்கேனும் மலேரியாவோ யானைக்கால் நோயோ வந்ததால் தேடிப் படிக்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணியின் மரபணுக்களைத் தனியே எடுத்துப் படித்தால் பாதிதான் விளங்கும். அது குடியிருக்கும் உடலையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு மரபணு ஏன் தொலைந்தது, இன்னொன்று ஏன் அறுபதாகப் பெருகியது என்பது பிடிபடும்.

மரபணுத்தொகுதி, ஓம்புயிரி என்பவை எவை?

ஓர் உயிரின் டிஎன்ஏ முழுவதும் சேர்ந்ததே அதன் மரபணுத்தொகுதி. அதன் நீளத்தைக் கார இணைகளின், அதாவது இணை இணையாக அமைந்த டிஎன்ஏ ‘எழுத்துகளின்’, எண்ணிக்கையில் சொல்வது வழக்கம். மனிதனுக்கு ஏறத்தாழ 300 கோடி. ஒட்டுண்ணிக்கு இடமும் உணவும் தரும் உயிர் ஓம்புயிரி. தொழுநோய்ப் பாக்டீரியாவைப் பாடப்புத்தகங்கள் ஒட்டுண்ணிகளின் பட்டியலில் வைப்பதில்லை. ஆனால் வேறோர் உயிரின் செல்லை நம்பியே வாழ்வதால் இங்கே அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒட்டுண்ணி வாழ்க்கைக்கு வந்தபின் மரபணுக்கள் ஏன் தொலைகின்றன?

டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது பிழைகள் நேர்வது இயல்பு. தனித்து வாழும் உயிரில் இன்றியமையாத ஒரு மரபணு கெட்டால் அந்த உயிர் பிழைக்காது. பிழையும் அதோடு மறைந்துவிடும். அந்த மரபணு செய்துவந்த பொருளை ஓம்புயிரியின் உடலே கொடுத்துக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. மரபணு கெட்டாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. பிழை தங்கிவிடும், வாரிசுகளுக்குப் போகும், அதன்மேல் அடுத்த பிழை ஏறும். கடைசியில் அந்தத் துண்டே அறுந்து விழுந்துவிடும்.

எண்ணிக்கையும் ஒரு காரணம். ஓர் உடலிலிருந்து அடுத்த உடலுக்குத் தாவும்போது மிகச் சில கிருமிகளே போய்ச் சேர்கின்றன. இப்படிக் கூட்டம் சிறுத்துப்போகும் ஒவ்வொரு முறையும் இயற்கைத் தேர்வின் பிடி தளர்கிறது. சற்றே தீங்கான மாற்றங்கள்கூடத் தற்செயலாக நிலைத்துவிடுகின்றன. செல்லுக்குள் அடைபட்டு வாழும் பாக்டீரியாவுக்கு வெளியிலுள்ள உறவுக்காரப் பாக்டீரியாக்களிடமிருந்து பழுதில்லாத பிரதியைப் பெறும் வாய்ப்பும் கிடைப்பதில்லை. அங்கே போனது போனதுதான்.

நமக்குப் பழக்கமான சீலைப்பேனையே பாருங்கள். அதன் மரபணுத்தொகுதி 2010இல் வெளியானது: ஏறத்தாழ 10.8 கோடி கார இணைகள், அதுவரை படிக்கப்பட்ட பூச்சிகளிலேயே மிகச் சிறியது. பழ ஈயிடம் மணத்தை உணரும் ஏற்பிகளுக்கு 60 மரபணுக்கள் இருக்க, பேனிடம் இருப்பவை 10. பிறந்தது முதல் இறப்பது வரை மனித உடலையும் உடையையும் விட்டு அகலாத பூச்சிக்கு எதையும் மோப்பம் பிடித்துத் தேட வேண்டிய தேவை இல்லை.

இழப்பை மிகத் தெளிவாகக் காட்டும் உயிர் எது?

என்னைக் கேட்டால் தொழுநோய்ப் பாக்டீரியாதான். அதன் மரபணுத்தொகுதியை பாரிஸின் பாஸ்டர் நிறுவனமும் இங்கிலாந்தின் சாங்கர் மையமும் படித்து 2001இல் வெளியிட்டன. அவர்கள் எடுத்துக்கொண்ட வகைக்கு ‘டிஎன்’ என்று பெயர். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டு, அர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கின் உடலில் வளர்க்கப்பட்ட வகை அது. உலகெங்கும் தொழுநோய் ஆய்வகங்கள் இன்றும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது இதைத்தான்.

அதன் உறவினரான காசநோய்ப் பாக்டீரியாவை அருகில் வைத்தால் இழப்பின் அளவு தெரியும். காசநோய்க் கிருமிக்கு 44 லட்சம் கார இணைகளும் ஏறத்தாழ 4,000 மரபணுக்களும் உண்டு. தொழுநோய்க் கிருமிக்கு 32.7 லட்சம் கார இணைகள் இருந்தும், வேலை செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600தான். மேலும் 1,100க்கும் அதிகமானவை போலி மரபணுக்களாக, உருவம் மட்டும் எஞ்சி, பயனற்றுக் கிடக்கின்றன.

போலி மரபணு எப்படி இருக்கும்? காசநோய்க் கிருமியின் ஒரு மரபணுவையும் தொழுநோய்க் கிருமியில் அதற்கு நேரான பகுதியையும் மேலும் கீழுமாக அடுக்கிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எழுத்துகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். பிறகு ஓரிடத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். மரபணு மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால் அந்த இடத்துக்கு அப்பால் எல்லாக் கூட்டமும் ஓர் எழுத்து நகர்ந்துவிடும். சற்றுத் தள்ளி, புரதம் முடிந்தது என்று அறிவிக்கும் குறி வரக் கூடாத இடத்தில் வந்து நிற்கும். அதற்குப் பின்னால் உள்ள நீண்ட பகுதி படிக்கப்படாமலே போய்விடும். இதே கதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில்.

எவை போயின என்று பார்த்தால் அந்தக் கிருமியின் வாழ்க்கை முறையே விளங்குகிறது. இரும்பைத் திரட்டித் தரும் பொருளைச் செய்யும் மரபணுக்கள் இல்லை. சுவாசத்துக்கு உதவும் ஒரு பெரிய மரபணுக் கோவை அழிந்துவிட்டது. மாறாக, அமினோ அமிலங்களைச் செய்யும் மரபணுக்களில் பெரும்பாலானவை இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. எல்லா ஒட்டுண்ணிகளும் ஒரே வரிசையில் இழப்பதில்லை என்பதற்கு இது சான்று.

இரண்டாகப் பெருக இந்தக் கிருமிக்கு இரண்டு வாரம் வரை ஆகிறது. நார்வே மருத்துவர் ஹான்சன் இதை 1873இல் கண்டார். இன்றுவரை ஆய்வகத் தட்டில் இதை வளர்க்க யாராலும் முடியவில்லை. எலியின் பாதத்திலும், உடல் வெப்பநிலை குறைவாக உள்ள அர்மடில்லோவிலும்தான் வளர்க்கிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று சோதிக்கக் காசநோய்க் கிருமியைப் போல இதை வளர்த்துப் பார்க்க இயலாது. ஆகவே நோயாளியின் தோல் மாதிரியிலிருந்து டிஎன்ஏவை எடுத்து, குறிப்பிட்ட சில மரபணுக்களின் எழுத்துகளைப் படித்தே முடிவு சொல்கிறார்கள். மரபணுத்தொகுதி கையில் இருப்பதன் பயன் இங்கே நேரடியாகத் தெரிகிறது.

ஐரோப்பாவின் இடைக்கால எலும்புக்கூடுகளிலிருந்து எடுத்த தொழுநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதிகள் 2013இல் வெளியாயின. இன்றைய கிருமிக்கும் அவற்றுக்கும் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. அன்று ஐரோப்பாவிலிருந்து நோய் மறைந்ததற்குக் கிருமி வலுவிழந்தது காரணமல்ல என்பது இதிலிருந்து புரிகிறது. டென்மார்க்கின் இடைக்கால நோயாளிகளிடம் நோய்க்கு இடம்கொடுக்கும் ஒரு நோய் எதிர்ப்பு மரபணு வகை மிகுந்திருந்ததை 2018இல் காட்டினார்கள். மாற்றத்தின் ஒரு பங்கை மனிதர்கள் பக்கத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனிதர்களில் மிகப் பெரும்பாலோரை இந்தக் கிருமியால் நோயாளியாக்க முடியாது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை நோயை முழுமையாகக் குணப்படுத்துகிறது. மருந்து தொடங்கியதும் விரைவிலேயே பரப்பும் தன்மையும் போய்விடுகிறது. தொழுநோயாளியை ஒதுக்கிவைப்பது அறிவுக்கும் மனிதத் தன்மைக்கும் ஒவ்வாத செயல்.

அப்படியென்றால் ஒட்டுண்ணி என்பது சீரழிந்த உயிர்தானே?

பல பழைய நூல்கள் அப்படித்தான் எழுதின. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாடாப்புழுவுக்குக் குடல் இல்லை, கொழுப்பு அமிலங்களை முதலிலிருந்து செய்யும் மரபணுக்களும் இல்லை. நான்கு நாடாப்புழு இனங்களின் மரபணுத்தொகுதிகள் 2013இல் வெளியானபோது இழப்புப் பட்டியல் நீளமாகவே இருந்தது. அதே ஆய்வில், செல்லை நெருக்கடியிலிருந்து காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் மரபணுக்கள் பல மடங்கு பெருகியிருப்பதும் தெரிந்தது. பன்றியின் தசையில் சிறு நீர்ப்பையாக இருந்து, மனிதக் குடலில் சில மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, இரண்டு உடல்களின் எதிர்ப்பையும் சமாளிக்கும் உயிரைச் சீரழிந்தது என்று எந்த அளவுகோலால் சொல்வது?

மருத்துவத்துக்கும் இந்தப் பட்டியல் முக்கியம். ஒட்டுண்ணி எதைச் செய்ய முடியாதோ அதை நம்மிடமிருந்து எடுத்தே ஆக வேண்டும். மலேரியாக் கிருமியால் டிஎன்ஏவின் மூலப்பொருளான பியூரினைத் தானாகச் செய்ய முடியாது, சிவப்பணுவிலிருந்துதான் எடுக்கிறது. அந்த வழியை அடைக்கும் மருந்துகளைத் தேடும் ஆய்வு அதனால்தான் நடக்கிறது.

ஒரு மரபணுத்தொகுதி எவ்வளவு சிறிதாக முடியும்?

உட்கரு உள்ள உயிர்களில் மைக்ரோஸ்போரிடியா என்னும் கூட்டம்தான் எல்லைவரை போயிருக்கிறது. இவை காளான்களின் உறவினர்கள். முயல்களைத் தாக்கும் என்செபாலிடோசூன் குனிகுலி என்பதன் மரபணுத்தொகுதி 2001இல் வெளியானது: 29 லட்சம் கார இணைகள், ஏறத்தாழ 2,000 மரபணுக்கள். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கே 46 லட்சம் கார இணைகள் உண்டு. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா இவற்றில் சுருங்கி ஒரு சிறு பையாக மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆற்றலுக்கு என்ன வழி? ஏடிபி மூலக்கூறுகளை ஓம்புயிரியின் செல்லிலிருந்தே உறிஞ்சுகின்றன. உறிஞ்சும் புரதத்துக்கான மரபணுவும் இவற்றின் சொந்தச் சொத்து அல்ல. முன்னொரு காலத்தில் ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது.

பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கூட்டத்தின் இன்னோர் உறுப்பினரைத் தெரியும்: பெப்ரின் நோயை உண்டாக்கும் நொசிமா பாம்பிசிஸ். இது தாய் அந்துப்பூச்சியின் முட்டை வழியாகவே குஞ்சுகளுக்குப் போய்விடும். 1860களில் பிரான்சின் பட்டுத் தொழிலை இந்நோய் நிலைகுலைத்தபோது லூயி பாஸ்டர் காட்டிய வழியைத்தான் முட்டை உற்பத்தி நிலையங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியைக் காரக் கரைசலில் அரைத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முட்டை வடிவில் பளபளக்கும் சிறு வித்துகள் தென்பட்டால் அந்தப் பூச்சி இட்ட முட்டைகள் முழுவதும் அழிக்கப்படும்.

மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவையே முழுதாக இழந்த விலங்கும் உண்டு. சால்மன் மீனின் தசையில் வாழும் ஹென்னகுயா சால்மினிகோலா, ஜெல்லி மீன்களின் தூரத்து உறவு. இந்தச் செய்தி 2020இல் வந்தது.

எல்லா ஒட்டுண்ணிகளுக்கும் மரபணுத்தொகுதி சுருங்கிவிடுமா?

இல்லை. மேலே சொன்ன நொசிமா பாம்பிசிஸுக்கே 1.57 கோடி கார இணைகள் இருக்கின்றன. முயல் ஒட்டுண்ணியைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகம். இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகளும் இரட்டித்த மரபணுக்களும் அதை வீங்கவைத்துவிட்டன. வடகிழக்கு இந்தியக் காடுகளில் பூக்கும் சப்ரியா என்னும் செடிக்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. காட்டுத் திராட்சைக் குடும்பக் கொடியின் உள்ளே இழைகளாக வாழ்ந்து, பூக்க மட்டும் வெளியே வருகிறது. மற்றப் பூக்கும் தாவரங்கள் பொதுவாகக் காத்துவரும் மரபணுக்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டை அது இழந்துவிட்டது. பசுங்கணிகத்தின் டிஎன்ஏ முழுவதும் போய்விட்டது. ஆனாலும் அதன் மரபணுத்தொகுதி மனிதனுடையதைவிடச் சிறியதல்ல. பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் தாவும் துண்டுகள். மரபணுக்களின் எண்ணிக்கையும் டிஎன்ஏவின் நீளமும் வெவ்வேறு கணக்குகள். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது.

மலேரியாக் கிருமி மாதக்கணக்கில் உடலில் எப்படித் தப்பிக்கிறது?

இங்கேதான் பெருக்கத்தின் கதை தொடங்குகிறது. மலேரியாக்களில் கொடியதான பிளாஸ்மோடியம் பால்சிபாரத்தின் மரபணுத்தொகுதி 2002இல் வெளியானது: 14 குரோமோசோம்கள், 2.3 கோடி கார இணைகள், ஏறத்தாழ 5,300 மரபணுக்கள்.

இந்தக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. அமினோ அமிலங்களைச் செய்யும் திறனைப் பெரும்பாலும் இழந்திருந்தாலும் கவலையில்லை, ஹீமோகுளோபினிலேயே கிடைத்துவிடுகின்றன. ஒன்று மட்டும் கிடைக்காது: மனித ஹீமோகுளோபினில் ஐசோலூசின் இல்லை. அதைச் சிவப்பணுவுக்கு வெளியே இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது.

சிவப்பணு ஒளிந்திருக்க நல்ல இடம். உட்கரு இல்லாததால், ‘என்னுள் அந்நியன் இருக்கிறான்’ என்று அதனால் நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்க முடியாது. ஆனால் கிருமி வளர வளரச் சிவப்பணு விறைத்துப்போகிறது. அது மண்ணீரல் வழியே போனால் வடிகட்டி அழிக்கப்பட்டுவிடும். எனவே கிருமி ஒரு புரதத்தைச் செய்து சிவப்பணுவின் மேற்பரப்புக்கு அனுப்புகிறது. அங்கே சிறு சிறு குமிழ்கள் எழுகின்றன. அவற்றின் மேல் அந்தப் புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக்கொண்டு சிவப்பணு நுண்ணிய இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, மண்ணீரலுக்குப் போவதில்லை. மூளையின் குழாய்களில் இப்படி ஒட்டும்போதுதான் உயிர் குடிக்கும் மூளை மலேரியா வருகிறது.

வெளியே நீட்டியதும் உடல் அதைப் பார்த்துவிடுகிறது. சில நாட்களில் எதிர்ப்புப் புரதம் தயாராகிவிடும். அதற்குக் கிருமி வைத்திருக்கும் விடைதான் ‘வார்’ மரபணுக்கள். ஒரே வேலைக்கு ஏறத்தாழ 60 மரபணுக்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே இயங்கும், மற்றவை அடக்கிவைக்கப்பட்டிருக்கும். ஒன்றை உடல் அடையாளம் கண்டுகொள்ளும் நேரத்தில் கிருமிகளில் சில வேறொன்றுக்கு மாறியிருக்கும். அவை பிழைத்துப் பெருகும். இந்த மரபணுக்களில் பெரும்பாலானவை குரோமோசோம்களின் நுனிகளில் இருக்கின்றன. நுனிகள் ஒன்றோடொன்று துண்டு மாற்றிக்கொள்வதால் புதிய சேர்க்கைகள் ஓயாமல் பிறக்கின்றன. ஓர் ஊரின் கிருமிக்கும் அடுத்த ஊரின் கிருமிக்கும் இந்த அறுபதில் ஒத்துப்போவது கொஞ்சமே. மலேரியா மிகுந்த நாடுகளில் குழந்தைகள் பல முறை நோய்வாய்ப்பட்ட பிறகே ஓரளவு எதிர்ப்பைப் பெறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அறுபதில் ஒன்று நஞ்சுக்கொடியில் ஒட்டுவதற்கென்றே இருக்கிறது. அதனால்தான் மலேரியாவுக்கு நன்கு பழகிய பெண்ணும் முதல் கருப்பத்தில் புதிதாக நோய்க்கு ஆளாகிறாள். அதுவரை அவள் உடல் அந்த வடிவத்தைப் பார்த்ததே இல்லை. அடுத்தடுத்த கருப்பங்களில் எதிர்ப்பு வந்துவிடுகிறது. இந்த ஒரு புரதத்தைக் குறிவைத்துத் தடுப்பூசி செய்யும் முயற்சி மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை வந்திருக்கிறது. அது வெற்றி பெற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஆப்பிரிக்கத் தூக்க நோயின் கிருமியும் இதே உத்தியைத்தான் கையாளுகிறதா?

ஆம், இன்னும் பெரிய அளவில். அந்தக் கிருமியான டிரிபனோசோம் ஒரே வகைப் புரதத்தின் ஏறத்தாழ 1 கோடிப் படிகளால் தன் உடலைப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வைக்கு ஏறத்தாழ 2,000 மரபணுக்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை பழுதானவை. ஆனால் தொழுநோய்க் கிருமியைப் போலன்றி இங்கே பழுதானவற்றுக்கும் வேலை உண்டு: துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதிய போர்வைகள் செய்யப்படுகின்றன.

ஒட்டுண்ணியால் நம் மரபணுக்களும் மாறியிருக்கின்றனவா?

மாறியிருக்கின்றன. அரிவாள் செல் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது. இருவரிடமிருந்தும் பெற்றால் வாழ்நாள் முழுவதும் துன்பம் தரும் இரத்தசோகை. அந்தோணி அலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தத் தொடர்பை நிறுவினார். இந்தியாவில் இந்த மரபணு முதலில் தெரியவந்தது 1952இல், நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம். இன்றும் அங்கே பரிசோதனையும் சிகிச்சையும் தேவைப்படும் குடும்பங்கள் இருக்கின்றன.

கதை அங்கே நிற்கவில்லை. காம்பியாவிலும் கென்யாவிலும் கடும் மலேரியாவால் பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மரபணுக்களையும், அதே குழந்தைகளின் இரத்தத்திலிருந்த கிருமிகளின் மரபணுக்களையும் சேர்த்துப் படித்த ஆய்வு 2022இல் வெளியானது. அரிவாள் செல் மரபணு இருந்தும் கடும் நோய்க்கு ஆளான குழந்தைகளிடம் இருந்த கிருமிகள், மூன்று குறிப்பிட்ட இடங்களில் மாறுபட்டிருந்தன. நம் தற்காப்பைக் கிருமியும் தாண்டத் தொடங்கியிருக்கிறது. இரு தரப்பையும் ஒரே நோயாளியிடமிருந்து படித்ததால்தான் இது வெளிப்பட்டது.

தூக்க நோயிலும் இப்படித்தான். டிரிபனோசோம்களைக் கொல்லும் புரதம் மனித இரத்தத்தில் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்க வகையிடம் அதை முறிக்கும் மரபணு உண்டு. பழைய போர்வை மரபணு ஒன்று மாறி உருவானது அது. அதற்கு எதிராக ஆப்பிரிக்க மக்களிடம் நம் புரதத்தின் புதிய வடிவங்கள் பரவின. அவற்றில் இரண்டு படிகள் சேர்ந்தால் சிறுநீரக நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பது 2010இல் தெரிந்தது.

ஒட்டுண்ணிகள் ஓம்புயிரியிடமிருந்து மரபணுவையே எடுத்துக்கொள்ளுமா?

எடுத்துக்கொள்கின்றன. குதிரை மசால் வயல்களில் மஞ்சள் நூலாகப் படரும் கஸ்குட்டா கொடியில் மற்றத் தாவரங்களிலிருந்து வந்த 100க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கண்டறியப்பட்டுள்ளன. அது நுண் ஆர்என்ஏக்களை ஓம்புயிரிச் செடிக்குள் அனுப்பி அதன் மரபணுக்களை அடக்குவதும் 2018இல் நிறுவப்பட்டது. எதிர்த்திசையிலும் போக்கு உண்டு: வொல்பாக்கியா என்னும் பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி ஏறக்குறைய முழுதாகவே ஒரு பழ ஈ இனத்தின் குரோமோசோமுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது.

யானைக்கால் நோய்க்குப் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஏன் வேலை செய்கிறது?

யானைக்கால் நோய்ப் புழுவின் உள்ளேயும் ஒரு வொல்பாக்கியா வாழ்வதால்தான். யானைக்கால் நோய்ப் புழுக்களில் ஒன்றான புரூகியா மலாயியின் வொல்பாக்கியா 2005இலும் புழு 2007இலும் படிக்கப்பட்டன. ஹீம் என்னும் பொருளைச் செய்யும் முழு வரிசை மரபணுக்கள் புழுவிடம் இல்லை, பாக்டீரியாவிடம் இருக்கின்றன. டாக்சிசைக்ளினை 4 முதல் 6 வாரம் கொடுத்தால் வொல்பாக்கியா அழிகிறது. புழு மலடாகி, பிறகு மெல்ல மடிகிறது. கருவுற்றவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்த மருந்தைக் கொடுப்பதில்லை என்பதால் ஊர் முழுவதற்கும் வழங்க முடியவில்லை.

மலேரியாக் கிருமிக்குள்ளும் இப்படி ஒரு குடியிருப்பு உண்டு. பழங்கால ஆல்கா ஒன்றின் எச்சமான அந்தச் சிறு உறுப்பு ஒளிச்சேர்க்கையை மறந்துவிட்டது. 35,000 கார இணைகள் கொண்ட தன் டிஎன்ஏவை மட்டும் வைத்திருக்கிறது. அதே டாக்சிசைக்ளின் மலேரியாவில் தாக்குவது அந்த உறுப்பைத்தான்.

காலப்போக்கில் ஒட்டுண்ணி சாதுவாகிவிடும் என்பது உண்மையா?

பொது விதியாக இதை நம்ப வேண்டாம். கொடுமை குறைவதும் கூடுவதும் பரவும் வழியைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் 1950இல் முயல்களை ஒழிக்க விடப்பட்ட மிக்சோமா வைரஸ் முதலில் நூற்றுக்கு 99க்கு மேல் கொன்றது; சில ஆண்டுகளில் சற்றே தணிந்த வகைகள் பெருகின. முயல்களின் எதிர்ப்பு வளர்ந்ததும் வைரஸின் கடுமை மீண்டும் ஏறியது. பால்சிபாரம் கொரில்லாவிடமிருந்து மனிதனுக்கு வந்தது என்று காட்டு மனிதக் குரங்குகளின் சாணத்தை ஆராய்ந்து 2010இல் காட்டினார்கள். வந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும் அது சாதுவாகவில்லை.

மாணவர் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம்?

இணைய இணைப்பு உள்ள கணினி போதும். மலேரியாவுக்குப் பிளாஸ்மோடிபி, புழுக்களுக்கு வோர்ம்பேஸ் பாராசைட் ஆகிய தரவுத்தளங்கள் இருக்கின்றன. பிளாஸ்மோடிபியில் பால்சிபாரத்தின் ஏதேனும் ஒரு குரோமோசோமைத் திறந்து முதலில் நடுப்பகுதியையும் பிறகு நுனியையும் பாருங்கள். நடுவில் மற்ற மலேரியா இனங்களிலும் அதே வரிசையில் இருக்கும் மரபணுக்கள், நுனியில் வார் கூட்டம். அடுத்து, நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் இன்னொரு மலேரியா இனமான வைவாக்ஸைத் திறந்து அதே நுனிக்குப் போங்கள். அங்கே வார் மரபணு ஒன்றுகூட இருக்காது. ‘பிர்’ என்னும் வேறொரு குடும்பம் நூற்றுக்கணக்கில் இருக்கும். இளம் சிவப்பணுக்களை மட்டுமே விரும்பும் வைவாக்ஸுக்கும், எந்த வயதுச் சிவப்பணுவிலும் புகும் பால்சிபாரத்துக்கும் வேறென்ன வேறுபாடுகள் இருக்கின்றன என்று அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.